சம்பளம் வாங்கியவருக்கு எதற்கு நன்றி?

ஓய்வுபெறும் வீரருக்காக ஒரு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு முணுமுணுப்பும் வரும். "சும்மாவா ஆடினார்? சம்பளம் வாங்கினார், ஆடினார், வயதாகிவிட்டது, போகிறார். இதற்கு எதற்கு இத்தனை கண்ணீர்?" விவரம் தெரிந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஒரு நம்பிக்கை நிலைத்துவிட்டது. இந்தப் பேச்சோடு வேறு மூன்று குற்றச்சாட்டுகளும் சேர்ந்தே வரும். இது தனிமனித வழிபாடு. ஜெயித்தவருக்கு மட்டும் விழும் கும்பிடு. உடம்பு நொறுங்கிய மனிதருக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவது, அவருக்கு நேர்ந்த அநியாயத்தை மூடிமறைக்கும் வேலை.

இந்த நான்கையும் மறுக்க எனக்கு ரக்பி லீக் என்ற ஓர் ஆட்டம் போதும். வட இங்கிலாந்தின் சுரங்க ஊர்களிலும் மில் ஊர்களிலும் பிறந்து, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வேரூன்றிய ஆட்டம் அது. அணிக்குப் பதின்மூன்று பேர். பந்து வைத்திருப்பவரை எதிரணி மடக்கித் தரையில் சாய்க்கும். எழுந்து மறுபடி ஆடுவார்கள். ஆறாவது முறையும் மடக்கிவிட்டால் பந்து கைமாறும். எண்பது நிமிடமும் இதுதான். நடுவில் நின்று தடுப்பவர் ஒரே ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை தன் தோளைக் கொடுத்து எதிராளியைச் சாய்க்க வேண்டியிருக்கும். இந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வதற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆடுவதற்குக் காசு வாங்கலாமா என்ற சண்டையில்தான் இந்த ஆட்டமே பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்களில் ஏராளமானோர் கூலிக்காரர்கள். நிலக்கரி வெட்டியவர்கள், மில்லில் உழைத்தவர்கள், துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். அந்த இழப்பை ஈடுகட்ட நாளுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்க அனுமதிக்க வேண்டும் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. ஆட்டத்தை ஆண்டுகொண்டிருந்த சங்கம் 1893-ல் அந்தக் கோரிக்கையை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. ஆட்டத்தை ஆசைக்காக ஆட வேண்டும், காசு புகுந்தால் ஆசை கெட்டுவிடும் என்பது அந்தக் கனவான்களின் வாதம். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்ற கவலை இல்லாதவர்களுக்கு அப்படிப் பேசுவது சுலபம். 1895 ஆகஸ்ட் 29 அன்று வடக்குக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்து போயின. தனிச் சங்கம் கண்டன. 1906-ல் அணியைப் பதினைந்திலிருந்து பதின்மூன்று பேராகக் குறைத்தன. இன்றைய ரக்பி லீக் அப்படி உருவானதுதான்.

காசு வாங்குபவருக்கு ஆட்டத்தின் மேல் அன்பு இருக்க முடியாது என்றார் அன்றைய கனவான். காசு வாங்கியவர் மேல் அன்பு காட்டத் தேவையில்லை என்கிறார் இன்றைய விவரமானவர். இரண்டு பேருக்கும் அடிப்படை ஒன்றே. காசு வந்த இடத்தில் அன்புக்கு வேலை இல்லை என்று இருவரும் நினைக்கிறார்கள். வடக்கின் உழைப்பாளிகள் இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டார்கள். உழைத்தவருக்குக் கூலி கொடுப்போம், அவரைக் கொண்டாடவும் செய்வோம் என்பது அந்தப் பதில். கூலி வாங்கியதால் அந்த ஊர்களில் எந்த ஆட்டக்காரரின் மதிப்பும் குறைந்துவிடவில்லை. தாங்களும் கூலிக்காரர்கள் என்பதால், கூலிக்கு வேலை செய்பவரும் மனமார வேலை செய்வார் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

ரசிகர்கள் ஒரு வீரருக்குத் தரும் பணம் சம்பளமா, அன்பளிப்பா என்று இங்கிலாந்து நீதிமன்றங்களே விசாரித்திருக்கின்றன. கென்ட் கவுண்டியின் கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் சீமோருக்காக 1920-ல் ஓர் ஆட்டம் நடத்தி, அதன் டிக்கெட் வசூலை அவருக்குக் கொடுத்தார்கள். அதுவும் வருமானம்தான், வரி கட்டு என்றது வரித் துறை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அது வேலைக்கான கூலி இல்லை, அந்த மனிதர் மீதுள்ள மதிப்பைக் காட்டும் தனிப்பட்ட அன்பளிப்பு என்று 1927-ல் தீர்ப்பு வந்தது. 1950-களில் இன்னொரு வழக்கு. லங்காஷயர் லீகில் ஆடிய ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் புரூஸ் டூலண்ட் நன்றாக ஆடிய நாட்களில் பார்வையாளர்களிடம் வசூல் நடக்கும். அந்த வசூலைப் பெறும் உரிமை அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அது சம்பாத்தியம், வரி உண்டு என்று முடிவானது. ஒப்பந்தப்படி வருவது கூலி, மனதாரக் கொடுப்பது அன்பளிப்பு. ஈவிரக்கம் பார்க்காத வரிச் சட்டத்துக்கே புரிந்த இந்த வித்தியாசம், "சம்பளம்தான் வாங்கினாரே" என்று கேட்பவர்களுக்குப் புரியாமல் போவது வியப்பாக இருக்கிறது.

இங்கிலாந்து ரக்பி லீகில் ஒரே கிளப்புக்காகப் பத்து ஆண்டுகள் உழைத்த வீரருக்கு டெஸ்டிமோனியல் ஆண்டு என்று ஒன்றை ஒதுக்குவது வழக்கம். ரசிகர்களும் நண்பர்களும் குழு அமைத்து விருந்து வைப்பார்கள், கோல்ஃப் நாள் நடத்துவார்கள், ஓர் ஆட்டமும் ஏற்பாடு செய்வார்கள். சேரும் தொகை வீரருக்குப் போகும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு அதில் முதல் 1,00,000 பவுண்டுக்கு மட்டும் வரிவிலக்கு. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதுவோமே, கிட்டத்தட்ட அதுதான். மொய்யைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை, பிச்சை என்றும் சொல்வதில்லை. உனக்கும் எனக்கும் கணக்கு இருக்கிறது, அது தீரவில்லை என்று சொல்லும் வழி அது.

சம்பளத்தின் அளவையும் பார்த்துவிடலாம். 2020-ல் இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக் போட்டியான சூப்பர் லீகில் கிளப் ஒன்று தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 21 லட்சம் பவுண்டு. நட்சத்திர வீரர் ஓரிருவருக்கு மட்டும் சலுகைக் கணக்கு உண்டு. சுமார் இருபத்தைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய தொகை இது. இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து வீரர்களில் பலர் தனி ஆளாகவே ஒரு வருடத்தில் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துபோகும் தொழில். அதன்பிறகு முழங்காலும் தோளும் எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கோடீஸ்வரர்களுக்கு எதற்கு அனுதாபம் என்று கேட்பவர்கள் ஆள் மாறிக் கேட்கிறார்கள்.

அடுத்தது வழிபாடு என்ற குற்றச்சாட்டு. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ரசிகர்களின் உணர்ச்சி மீது சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் வழிபாட்டுக்குத் தூரம் வேண்டும். திரைக்கு அப்பால் இருப்பவர், உயரத்தில் இருப்பவர், நம்மைப் போல் இல்லாதவர் என்ற எண்ணம் வேண்டும். ரக்பி லீகில் அந்தத் தூரம் கிடையாது. லீட்ஸ் ரைனோஸ் அணியில் இருபது ஆண்டு ஆடிய ஜேமி ஜோன்ஸ்-புக்கானன் அந்த நகரத்தின் பிராம்லி பகுதிப் பையன். அதே அணியின் கேப்டனாக இருந்த கெவின் சின்ஃபீல்ட் ஓல்டம்காரர். பதின்மூன்று வயதில் லீட்ஸ் கிளப்பின் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர். ரசிகர்கள் இவர்களைச் சிறுவர்களாகப் பார்த்தார்கள், வளர்ந்ததைப் பார்த்தார்கள், தோற்றதையும் திட்டு வாங்கியதையும் பார்த்தார்கள். திட்டியவர்களும் அவர்களேதான். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுபவர்கள் திட்டமாட்டார்கள்.

ராப் பர்ரோவை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி ஐந்து அங்குலம். சூப்பர் லீகிலேயே மிகச் சிறிய உருவம் என்று பெயர் எடுத்தவர். நூறு கிலோவைத் தாண்டியவர்கள் மோதிக்கொள்ளும் ஆட்டத்தில் இவர் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்றுதான் ஆரம்பத்தில் கேட்டார்கள். 2001 முதல் 2017 வரை லீட்ஸ் அணிக்காக 492 ஆட்டங்கள் ஆடினார். எட்டு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற அணிகளில் இருந்தார். 2011 இறுதிப் போட்டியில், ஓல்டு டிராஃபோர்ட் மைதானத்தில், செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கு எதிராக அவர் போட்ட ட்ரையை லீட்ஸில் இன்றும் பேசுவார்கள். பந்தை வாங்குகிறார். எதிரே சுவர் போல ஆட்கள். இன்னும் குனிகிறார். நீண்டு வந்த கைகளுக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறார். நிமிர்ந்து, கடைசிக் காவலரை வளைத்து ஓடி, கோட்டுக்கு அப்பால் பந்தை வைக்கிறார். அன்றைய ஆட்ட நாயகன் வாக்கெடுப்பில் வேறு யாருக்கும் ஒரு வாக்குகூட விழவில்லை. தன்னைவிடச் சிறிய ஒருவர் தன் ஊரின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அத்தனை பெரியவர்களின் நடுவே ஓடுவதைப் பதினாறு ஆண்டு பார்த்த ஒருவருக்கு அவர் மீது ஏற்படுவது பக்தி இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்து, நன்றாகத் தெரிந்துகொண்டதால் வரும் மரியாதை அது.

ஜெயித்தவருக்குத்தான் கும்பிடு என்பதும் நிற்காது. 2018-ல் ஆஸ்திரேலிய வீரர் ஜொனாதன் தர்ஸ்டன் விடைபெற்ற ஆண்டில், அந்நாட்டு லீகில் அவருடைய நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணி பதினாறு அணிகளில் பதின்மூன்றாவது இடத்தில் முடிந்தது. பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. ஆனாலும் டவுன்ஸ்வில்லில் அவர் ஆடிய கடைசி ஆட்டத்தை ஊரே திருவிழாவாக்கியது. 2015 இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் ஒற்றைப் புள்ளி அடித்து கிளப்புக்கு அதன் முதல் பட்டத்தை வாங்கித் தந்தவர் என்பது ஒரு காரணம். அதைவிட, ஆட்டம் முடிந்ததும் தன் தலைக்கவசத்தைக் கழற்றி கேலரியில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ளவர் அவர். அணி தோற்ற நாளிலும் கொடுத்தார். பழங்குடிச் சிறுவர்களின் பள்ளிப் படிப்புக்காகப் பேசியவர். தோற்றுக்கொண்டிருந்த அணியின் மைதானத்தை நிரப்பியவர்கள் இத்தனையையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

ஹல் நகரம் இன்னும் அழுத்தமான சாட்சி. ஒரே ஊர், இரண்டு கிளப். மேற்கில் கறுப்பு வெள்ளை ஜெர்சியின் ஹல் எஃப்சி, கிழக்கில் சிவப்பு வெள்ளையின் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். ஒரே குடும்பத்திலேயே இரண்டு கட்சி உண்டு. கார்டிஃபில் பிறந்த கிளைவ் சல்லிவன் இந்த இரண்டு கிளப்புக்கும் ஆடியவர். 1972-ல் பிரிட்டன் அணியின் கேப்டனாக உலகக் கோப்பையை வென்றார். பெரிய விளையாட்டு எதிலும் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பர் அவர். 1985-ல் புற்றுநோயால் இறந்தபோது ஊரே இரண்டு நிறத்தையும் மறந்து அழுதது. மேற்கிலிருந்து நகருக்குள் நுழையும் முக்கியச் சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். அதே நகரில் இன்னொரு சாலைக்கு ரோவர்ஸ் கேப்டன் ராஜர் மில்வர்டின் பெயர். 1980-ல் வெம்பிளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் 10-5 என்று ஹல் எஃப்சியைத் தோற்கடித்த அணியின் கேப்டன் அவர். அந்தத் தோல்வியை இன்றும் மறக்காத மேற்குப் பக்கத்துக்காரர்கள் தினமும் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறார்கள். எதிராளிக்கும் சேர்த்து மரியாதை செய்யும் ஊரைப் பார்த்து, வெற்றிக்கு மட்டும் கைதட்டுகிறது என்று சொல்ல முடியாது.

இனி கடைசிக் குற்றச்சாட்டு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. அந்த 1980 இறுதிப் போட்டியின் ஆரம்பத்திலேயே மில்வர்டின் தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு கடைசி வரை ஆடிக் கோப்பையை வாங்கினார். மீண்டு வர முயன்றபோது தாடை மறுபடி உடைந்தது. அதோடு ஆட்டத்தை நிறுத்தினார். பல பத்தாண்டுகளாக இந்தக் கதையை வீரக் கதையாக மட்டும் சொல்லி வந்தார்கள். அப்படிச் சொன்னதற்கு ஒரு விலை இருந்தது. அடிபட்டாலும் வெளியே வராதே, தலை சுற்றினாலும் சொல்லாதே என்று அடுத்தடுத்த தலைமுறைகள் கற்றுக்கொண்டன. இன்று முன்னாள் வீரர்கள் பலர் மூளைப் பாதிப்போடு இங்கிலாந்தின் ரக்பி லீக் நிர்வாகத்தின் மீது வழக்கு தொடுத்திருக்கிறார்கள். தலையில் பலமாக அடிபட்டால் வெளியே போய்ப் பரிசோதனை முடித்துத்தான் திரும்பலாம் என்ற விதி இப்போது வந்திருக்கிறது. அது முன்பே வந்திருக்க வேண்டும். காயத்தைப் புகழ்ந்து கைதட்டுவது தவறு. அந்தக் கைதட்டலுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் கைதட்டல் அநியாயத்தை மூடிமறைக்கிறது என்றால், மூடாமல் பார்ப்பவர்கள் யார்? சம்பளம் கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று சொல்பவர்களா? அவர்களுடைய கணக்குப்படி, ஓய்வுபெற்ற வீரரின் மூளையில் ஏற்பட்ட பாதிப்பைப் பற்றிக் கேட்க எந்த முகாந்திரமும் இல்லை. தெரிந்துதானே ஆடினார், அதற்குத்தானே காசு வாங்கினார் என்று அதே வாயால் சொல்லிவிடலாம். முதல் குற்றச்சாட்டையும் நான்காவது குற்றச்சாட்டையும் ஒருவரே சொல்ல முடியாது. ஒன்று அந்த மனிதருக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டது. கடன் இன்னும் தீரவில்லை என்பதைக் காலம் காலமாகச் சொல்லி வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியவர்கள்தான்.

அந்தக் கைதட்டல் எங்கே போய் நின்றது என்பதற்கு லீட்ஸ் நகரமே சாட்சி. பர்ரோ 2017-ல் ஓய்வுபெற்றார். 2019 டிசம்பரில் அவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரியவந்தது. தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, பேச்சையும் விழுங்கும் திறனையும் பறித்துவிடும் நோய். அவருக்கு வயது 37, மூன்று சிறு குழந்தைகள். ஆட்டத்தால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதன்பிறகு நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். அடுத்த மாதம் ஜோன்ஸ்-புக்கானனுடைய டெஸ்டிமோனியல் ஆட்டம் இருந்தது. தனக்காக நடக்க வேண்டிய அந்த ஆட்டத்தை அவர் பர்ரோவுக்கும் நிதி திரட்டும் ஆட்டமாக்கினார். 2020 ஜனவரி 12, ஹெடிங்லி மைதானம் நிரம்பி வழிந்தது. கடைசிச் சில நிமிடங்களில் பழைய ஜெர்சியோடு, பழைய தோழர்களோடு பர்ரோ களத்தில் இறங்கினார். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகும் வேலை தொடர்ந்தது. 2020 டிசம்பரில் சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். பர்ரோவின் ஜெர்சி எண் 7 என்பதால் எல்லாம் ஏழு. இலக்கு 77,777 பவுண்டு. சேர்ந்தது இருபது லட்சத்துக்கு மேல். அடுத்த ஆண்டு லெஸ்டரிலிருந்து லீட்ஸுக்கு 101 மைல், ஏறத்தாழ ஒரு நாளில். அதற்கடுத்த ஆண்டு எடின்பரோவிலிருந்து மான்செஸ்டருக்கு ஓடிவந்தார். பர்ரோவும் இதே நோய் தாக்கிய மற்ற வீரர்களும் குரல் கொடுத்த பிரச்சாரத்தின் முடிவில், 2021 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு இந்த நோய் ஆராய்ச்சிக்கு ஐந்து கோடி பவுண்டு அறிவித்தது. 2023 மே மாதம் பர்ரோ பெயரில் லீட்ஸ் மாரத்தான் நடந்தது. சின்ஃபீல்ட் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தூரமும் தள்ளி ஓடினார். முடிவுக் கோட்டுக்குச் சில அடி முன்னால் நின்று, அவரைக் கைகளில் தூக்கி, முத்தமிட்டு, ஏந்தியபடியே கோட்டைக் கடந்தார். 2024 ஜூன் 2 அன்று பர்ரோ இறந்தார். மறுநாள், லீட்ஸில் அவர் பெயரிலான நோய்ப் பராமரிப்பு மையத்தின் கட்டுமானம் திட்டமிட்டபடி தொடங்கியது. அந்த வாரம் வெம்பிளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியை, அவருடைய எண்ணுக்காக, மூன்று மணிக்குப் பதில் 3.07-க்குத் தொடங்கினார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மழையிலும் குளிரிலும் கேலரியில் நின்று பதினாறு ஆண்டு கைதட்டியவர்களிடமிருந்து தொடங்கியது. பிறகுதான் ஆட்டமே பார்க்காதவர்களிடம் பரவியது. பர்ரோவை ஒரு சம்பளக்காரராக மட்டும் பார்த்துப் பழகிய ஊராக லீட்ஸ் இருந்திருந்தால், அந்த நோயறிதல் செய்தி ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும். நன்றி சொல்லிப் பழகிய ஊர் என்பதால், உதவி தேவைப்பட்டபோது அதற்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ரசிகர்களின் அன்பு இருக்கிறதே என்று கிளப்புகளும் நிர்வாகமும் கையைக் கட்டிக்கொள்ள இது சாக்காகக் கூடாது. எல்லா வீரருக்கும் மாரத்தான் ஓடும் தோழர் கிடைக்கமாட்டார். பெயர் தெரியாத முன்வரிசை வீரருக்கும், கீழ்நிலைப் போட்டிகளில் பகுதி நேரச் சம்பளத்துக்கு ஆடி இடுப்பு போனவருக்கும் காப்பீடும் மருத்துவமும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். உண்டியல் குலுக்கி நடக்க வேண்டிய காரியம் இல்லை அது. அந்த உரிமைக்காகச் சத்தம் போடப் போகிறவர்கள் யார் என்பதுதான் கேள்வி. வரவு செலவு சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களிடமிருந்து அந்தச் சத்தம் வராது. நன்றி சொல்லத் தெரிந்தவர்தான் கணக்கும் கேட்பார்.

ஆகவே, அடுத்து ஒரு வீரர் விடைபெறும்போது ரசிகர்கள் எழுந்து நிற்கட்டும், கைதட்டட்டும், அழ வேண்டும் என்று தோன்றினால் அழட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைதட்டி முடித்த கையோடு கிளப்பைப் பார்த்து மூன்று கேள்வி கேட்கட்டும். இவருடைய தலையை யார் பரிசோதிக்கிறார்கள்? இவருடைய முழங்காலுக்கு நாற்பது வயதில் யார் செலவு செய்வார்கள்? இவருக்குப் பக்கத்தில் நின்று ஆடிய, நமக்குப் பெயர்கூட நினைவில்லாத அந்த இன்னொருவருக்கு என்ன ஏற்பாடு? சம்பளத்தோடு எல்லாம் முடிந்தது என்ற கருத்துக்கு ரசிகர்கள் தரக்கூடிய முழுமையான மறுப்பு, நன்றியையும் கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்வதுதான்.